தீப்பெட்டியின் விலையும் கள்ளாமை நோன்பும்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கள்ளாமை என்னும் அணுவிரதத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். கொல்லாமையைப் பற்றிப் பேச நம்மிடையே எப்போதும் ஆள் உண்டு. மிகுபொருள் விரும்பாமையைப் பற்றியும் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். இவற்றுக்கு இடையில் நிற்கும் கள்ளாமையை மட்டும் பெரும்பாலும் இரண்டு வரியில் கடந்து விடுகிறோம். "நம்மில் யாரும் திருடர் அல்லர், இதில் பேச என்ன இருக்கிறது?" என்பது காரணமாகலாம். நானும் திருடரைப் பற்றிப் பேச வரவில்லை. விலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கும் விலையில், அதை விளைவித்தவருக்கும் செய்தவருக்கும் போய்ச் சேர்வது எவ்வளவு என்னும் கேள்வியும் கள்ளாமை நோன்புக்குள் அடங்கும் என்பது என் துணிவு.

நம் ஆசாரியர்கள் நோன்புகளை வகுத்ததோடு நில்லாமல், ஒவ்வொரு நோன்புக்கும் ஐந்து அதிசாரங்களையும் வகுத்தார்கள். அதிசாரம் என்பது நோன்பை வெளிப்படையாக முறித்தல் அன்று. நோன்பு முறியாதது போலவே தோன்ற, உள்ளே மாசு படிவதற்கு அப்பெயர். கள்ளாமைக்குரிய ஐந்தையும் உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் அடுக்குகிறது. திருடுமாறு ஒருவனைத் தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், நிலைகுலைந்த நாட்டில் நெறி கடந்து கொள்ளுதல், அளவையிலும் நிறையிலும் ஏமாற்றுதல், நல்ல பொருளைப் போலப் போலியைக் காட்டி விற்றல் என்பன அவை. முதல் இரண்டும் யாவர்க்கும் விளங்கும். கடைசி இரண்டுக்கும் அரசே சட்டம் வைத்திருக்கிறது. தராசுக்கு முத்திரையிடும் அலுவலரும் உணவுக் கலப்படத்தைப் பிடிக்கும் அலுவலரும் இருக்கிறார்கள்.

நடுவில் உள்ள மூன்றாவதுதான் என்னைப் பல ஆண்டுகளாகச் சிந்திக்க வைத்தது. சர்வார்த்தசித்தி என்னும் உரையில் பூஜ்யபாதர் இதற்குத் தரும் விளக்கத்தின் சாரம் இது: நாடு நிலைகுலைந்த காலத்தில் பெருமதிப்புடைய பொருள்கள் சிறுவிலைக்குக் கிடைக்கும், அவ்வாறு பெற முயல்வது அதிசாரம். அவர் பேசுவது திருடனைப் பற்றி அன்று என்பதைக் கவனியுங்கள். விலை கொடுத்து வாங்குபவனைப் பற்றிப் பேசுகிறார். பணம் கைமாறியது. விற்றவனும் தலையசைத்தான். தராசில் பிழையில்லை, பொருளில் கலப்படம் இல்லை. ஆயினும் வாங்கியவனுடைய நோன்பில் மாசு படிந்தது. ஏன்? விற்றவன் தன் பொருளின் மதிப்பை ஒப்புக்கொண்டு விற்கவில்லை. தன் நெருக்கடியை ஒப்புக்கொண்டு விற்றான்.

ஆசாரியர் கூறியது அரசு நிலைகுலைந்த நாட்டைப் பற்றி. அதைச் சந்தைக்கும் நீட்டிப் பார்ப்பது என் கருத்தே. உரையாசிரியர் மேல் அதை ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவன் நிலைகுலைவதற்கு நாடு முழுவதும் நிலைகுலைய வேண்டியதில்லை. அறுவடை நாளில் மழை மேகம் திரண்டால் போதும். வட்டிக்காரர் வாசலில் நின்றால் போதும். அந்த நேரத்தில் அவனிடம் வாங்குபவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து விலை அமையும்.

இங்கே தமிழாசிரியனாக ஒரு சொல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அவர்களுடைய நெஞ்சை நுகத்தடியின் நடுவில் உள்ள ஆணிக்கு ஒப்பிடுகிறார். அவ்வணிகர் தாம் கொள்ளும் பொருளை மிகையாகக் கொள்ளார். கொடுக்கும் பொருளைக் குறைவாகக் கொடார் என்கிறார். நாற்பது ஆண்டுக்கு அருகில் இப்பகுதியை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் இதை எப்போதும் விற்பனையில் நேர்மை என்றே எழுதுவார்கள். புலவரோ கொள்வதை முதலிலும் கொடுப்பதைப் பின்னரும் வைத்திருக்கிறார். வாங்குமிடத்தில் தொடங்குகிறது வணிகனின் நேர்மை. அந்த வரிசை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

அதுவும் ஒரு துறைமுகப் பட்டினம். நாம் வாழ்வதும் துறைமுகத்தை ஒட்டிய நிலம். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, பொருள் செய்யும் கைகளும் பொருளை ஏற்றி அனுப்பும் கைகளும் நிறைந்த பகுதி. இங்கே விலையின் வரலாறு தெருப்பெயர்களிலேயே ஒளிந்திருக்கிறது. திருவொற்றியூரின் காலடிப்பேட்டை யாருடைய காலடியையும் குறிப்பதன்று. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் துரை நெசவாளரைக் குடியேற்றிய ஊர் அது. காலட் பேட்டை மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளரோடு நேரே விலை பேசியதில்லை. இடையில் உள்ளூர் வணிகர்கள் நின்றார்கள். அவர்கள் வழியே முன்பணம் வரும், துணி போகும். முன்பணம் வாங்கிய நெசவாளர், வேறொருவர் கூடுதல் விலை தருவதாகச் சொன்னாலும் தறியில் உள்ள துணியை அவருக்குக் கொடுக்க இயலாது. கடனே விலையை முடிவு செய்தது. இலண்டன் ஏலத்தில் அத்துணி என்ன விலைக்குப் போயிற்று என்பது தறிக்குழியில் இருந்தவரின் காதுக்கு எட்டியிருக்க வழியில்லை.

காலடிப்பேட்டையிலிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் விம்கோ நகர். மின்தொடர் வண்டி நிலையமாக இருந்த அப்பெயர் 2021 பிப்ரவரியில் மெட்ரோ நிலையத்தின் பெயரும் ஆயிற்று. அங்கே இறங்கும் இன்றைய இளைஞருக்கு விம்கோ என்பது ஏதோ ஒரு ஊர்ப்பெயர். அது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம். தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர். ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய அந்நிறுவனத்துக்கு அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, துப்ரி ஆகிய இடங்களோடு நம் திருவொற்றியூரிலும் ஆலை இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் பழகித் திரும்பி, தம் ஊரில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் எந்திரம், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்தில் கை. திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளர் மாதச் சம்பளம், சேமநல நிதி, தொழிற்சங்கம் ஆகியவற்றைக் கண்டவர்கள். தெற்கே தீப்பெட்டி ஆபீஸ் என்று மக்கள் அழைக்கும் கூடங்களில் பெண்கள் சட்டத்தில் குச்சி அடுக்கியும் பெட்டியில் அடைத்தும் எண்ணிக்கைக்குக் கூலி பெற்றார்கள். இரண்டு பெட்டிகளும் நம் தெருமுனைக் கடையில் ஒரே தட்டில், ஒரே விலையில் இருந்தன. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதனுள் இருக்கும் கூலி தெரியாது. கைத்தொழிலைக் காப்பதற்காக நடுவண் அரசு நெடுங்காலம் கையால் செய்த பெட்டிக்குக் குறைந்த வரியும் எந்திரப் பெட்டிக்குக் கூடுதல் வரியும் விதித்து வந்தது. 2020 ஏப்ரல் முதல் இரண்டுக்கும் ஒரே விகிதமாக 12 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது.

இனி விலைக்கு வருகிறேன். சற்றுப் பொறுமையோடு இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

2007-இல் தீப்பெட்டியின் விலை 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆயிற்று. அதன்பின் 14 ஆண்டுகள் அசையவில்லை. அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, பேருந்துக் கட்டணம் ஏறியது, தீப்பெட்டி மட்டும் 1 ரூபாய். இதற்கு நாணயமும் ஒரு காரணம். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் மாத இறுதியோடு செல்லாதவை ஆயின. 1 ரூபாய்ப் பொருளை 1 ரூபாய் 20 காசுக்கு எப்படி விற்பது? ஏறினால் 2 ரூபாய்க்குத்தான் ஏற வேண்டும். அதற்குத் துணியாமல் தொழில் 14 ஆண்டுகள் காத்திருந்தது. விலை ஏறாததை நாம் நம் நற்பேறு என்று எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டோம் என்பதுகூட மிகை, நாம் கவனிக்கவே இல்லை. மருந்தும் அட்டையும் மெழுகும் விலை ஏற ஏற, அந்தச் சுமை ஆலை வாயிலுக்கு உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

2021-இல் அது தாங்க முடியாத நிலைக்கு வந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பூசும் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்கும், மெழுகு 58 ரூபாயிலிருந்து 80 ரூபாய்க்கும், மேற்பெட்டி அட்டை 36 ரூபாயிலிருந்து 55 ரூபாய்க்கும் ஏறிவிட்டதாக உற்பத்தியாளர் சங்கத்தினர் அப்போது தெரிவித்தார்கள். சங்கங்கள் சிவகாசியில் கூடிப் பேசின. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்து பெட்டியின் விலை 2 ரூபாய் என்று முடிவாயிற்று. ஒரு பெட்டிக்கு ஒரு ரூபாய் ஏற்றம் என்பது நாடெங்கும் நாளேடுகளில் முதற்பக்கச் செய்தி ஆனது.

முதற்பக்கத்துக்கு வராத பகுதி ஒன்று உண்டு. 600 பெட்டிகள் கொண்ட ஒரு பண்டலை ஆலைகள் அதுவரை 270 முதல் 300 ரூபாய் வரை விற்று வந்தன. அதை 60 விழுக்காடு உயர்த்தி, 430 முதல் 480 ரூபாய் வரை விற்பது என்பது அவர்கள் அறிவித்த முடிவு. வரியும் வண்டி வாடகையும் இதில் சேரா. இப்போது வகுத்துப் பாருங்கள். முன்னர், நாம் கொடுத்த 100 காசில் ஆலைக்குப் போனது 45 முதல் 50 காசு, ஏறத்தாழ பாதி. பின்னர், நாம் கொடுக்கும் 200 காசில் ஆலைக்குப் போவது 72 முதல் 80 காசு; நூற்றுக்கு 40-ஐத் தாண்டவில்லை. நமக்கு விலை இரட்டித்தது, செய்தவருக்கு இரட்டிக்கவில்லை. நாம் கூடுதலாகக் கொடுத்த ஒரு ரூபாயில் ஆலைக்குச் சென்றது முப்பது காசுக்குள். அந்த முப்பது காசிலும் பாஸ்பரஸும் அட்டையும் மெழுகும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சுவதிலிருந்துதான் பெட்டி அடைக்கும் பெண்ணின் கூலி உயர வேண்டும். அதிகம் எஞ்சியிருக்காது என்பதைச் சொல்லக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

மீதி ஒரு ரூபாயையும் சில்லறையையும் யாரோ கொள்ளையடித்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. சிவகாசிப் பெட்டி அசாமுக்கும் பீகாருக்கும் போகிறது. லாரி வாடகை உண்டு. மொத்த வணிகர் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறார். தெருமுனைக் கடைக்காரர் பத்துப் பெட்டி விற்றாலும் கடை வாடகை கொடுத்தாக வேண்டும். நம்மிடையே கடை வைத்திருப்போர் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நான் சொல்வது இவ்வளவே: விலை தேங்கியபோது சுமை முழுவதும் ஒரு முனையில் தங்கியது, விலை ஏறியபோது பயன் அந்த முனைக்கு வந்து சேரவில்லை.

சுமை என்னும் சொல்லைத் தெரிந்தே ஆள்கிறேன். கொல்லாமையின் அதிசாரங்களில் ஒன்று, ஏற்றத் தகாத பாரத்தை ஏற்றுதல். மாட்டுக்கும் ஆளுக்கும் அது பொது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதைக் கூறுகிறது. மலிவான தீப்பெட்டியின் பாரத்தை ஒரு காலத்தில் யார் சுமந்தார்கள் என்பது உச்ச நீதிமன்றத்தின் ஏட்டில் இருக்கிறது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வது பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். வேலை கொடுத்தவரைத் தண்டிக்க நீதிமன்றத்தால் முடியும். அந்தப் பெட்டியை 50 காசுக்கு வாங்கி விளக்கேற்றியவரை அது என்ன செய்யும்? அவரைக் கேட்க வேண்டியது அவருடைய நோன்பு.

இங்கே ஒரு மறுப்பு எழும். என் துணைவியாரே வீட்டில் எழுப்பினார். "தீயோடு கூடிய தொழில்கள் சிராவகருக்கு ஆகாதவை என்று விலக்கப்பட்டவை ஆயிற்றே. நாம் தீப்பெட்டி செய்யவும் இல்லை, விற்கவும் இல்லை. இதில் நமக்கு என்ன பங்கு?" நல்ல கேள்வி. ஆனால் நம் நெறியில் வினை மூன்று வழியாக வந்து சேர்கிறது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தவரோடு உடன்படுதல். மூன்றாவது வாயிலைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் வாயிலைப் பூட்டியதாகப் பெருமை கொள்ள இயலாது. ஜினாலயத்தில் தீபம் ஏற்ற நாம் உரசும் குச்சியை ஒருவர் அடுக்கியிருக்கிறார். அத்தொழிலை நாம் செய்யவில்லை. அதன் பயனை நாள்தோறும் கொள்கிறோம்.

அப்படியானால் கூடுதல் விலை கொடுத்தால் தீர்ந்ததா என்றால், தீராது. தீப்பெட்டிக் கணக்கே அதற்குச் சான்று. விலை எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2024 அக்டோபரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுத் தாள்கள் இதைத் தெளிவாகக் காட்டின. நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் உழவருக்குச் சேர்வது தக்காளியில் 33 விழுக்காடு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. பின்னவை இரண்டும் நம்மில் நோன்பாளர் தொடாதவை, கணக்குக்காகவே சொல்கிறேன். பாலில் அந்தப் பங்கு ஏறத்தாழ 70. பால் தக்காளியைக் காட்டிலும் விரைவில் கெடும் பொருள். இரண்டும் ஊர் ஊராகத் திரட்ட வேண்டியவை. எனினும் பாலில் இருமடங்கு பங்கு ஏன்? ஊருக்கு ஊர் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. கொள்முதல் விலை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கிறது. அளந்த பாலுக்கும் அதன் தரத்துக்கும் குறிப்பு இருக்கிறது.

நம் மாதவரம் பண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவின் பசும்பாலுக்குக் கொடுக்கும் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாய் ஆயிற்று. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. நீல உறைப் பாலை நாம் லிட்டர் 40 ரூபாய்க்கு வாங்கினோம். எடுத்த கொழுப்பு வெண்ணெயாகவும் நெய்யாகவும் விற்கப்படுகிறது என்பதையும், அரசின் கை அதில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. குறை சொல்லவும் அங்கே நிறைய உண்டு. ஆயினும் பால்காரருக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு என்பது இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த எண்கள். தீப்பெட்டியில் அப்படி இல்லை. பெட்டிமேல் நாம் கொடுக்க வேண்டிய விலை மட்டும் அச்சிடப்பட்டிருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். வடசென்னையில் குடியிருக்கும் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பெரும்பாலோர்க்கு வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணிப் பக்கத்தில் இன்னும் வேர் இருக்கிறது. நாம் உழுதுண்ட சமூகம். இங்கே நாம் வாங்குபவர். அங்கே நம் அண்ணன் தம்பியர் விற்பவர். என் தந்தையார் மல்லாட்டை பயிரிட்டவர். காய்ந்த மல்லாட்டை களத்தில் குவிந்திருக்கும்போது வாங்க வருபவர், மாதிரி பார்ப்பதற்கென்று இரு கை அள்ளிக்கொள்வார். எடை போட்டு முடிந்ததும் மீண்டும் ஒரு கை. அது திருட்டு என்று எவரும் கருதியதில்லை; வழக்கம் என்றார்கள். விலையை அவரே சொல்வார். மேற்கே கறுத்திருந்தால் விலை இறங்கும். வணிகப் பயிர்களுக்கு ஒழுங்குமுறைச் சந்தை வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் 1933-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் விற்பனைக்கூடத்துக்கு மூட்டையை ஏற்றிச் செல்ல வண்டியும், ஒரு நாள் காத்திருக்கப் பொழுதும், கையில் செலவுக்குக் காசும் வேண்டும். அவை இல்லாதவருக்குக் களத்து விலைதான் விலை.

நெல்லின் கணக்கையும் சொல்லி விடுகிறேன். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் குவிண்டால் சாதாரண நெல்லுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். ஒரு குவிண்டால் நெல்லில் ஏறத்தாழ 67 கிலோ அரிசி காணும். அப்படியானால் ஒரு கிலோ சன்ன அரிசிக்குள் இருக்கும் நெல்லின் விலை 38 ரூபாய். அதுவும் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் விற்க முடிந்தவருக்கு. நீங்கள் சென்ற மாதம் கடையில் என்ன விலைக்கு அரிசி வாங்கினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்க் கழித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் இந்த மேடையில் சொல்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் அறக்கட்டளை ஆண்டுதோறும் இவ்விழாவில் அன்னதானம் செய்கிறது. அரிசி, பருப்பு, கடலை எண்ணெய் ஆகியவற்றுக்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, குறைந்ததை ஏற்கிறோம். இவ்வாண்டு சந்தை விலையை விடக் குறைவாக வாங்கினோம் என்று பொதுக்குழுவில் அறிவிக்கும்போது கை தட்டுகிறோம், நானும் தட்டியிருக்கிறேன். அந்தக் குறைவு யாரிடமிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. கடைக்காரர் தம் பங்கில் விட்டுக்கொடுத்திருக்கலாம். களத்தில் ஒருவரிடம் இறக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அந்த ஒருவர் நம் ஊர்க்காரராகவும் இருக்கலாம்.

பொருளாளர் அவர்களிடம் இதை முன்னரே பேசினேன். அவர் சொன்ன மறுமொழி கனமானது. "ஐயா, இது என் பணமன்று, நூறு குடும்பங்கள் தந்த காணிக்கை. என் வீட்டுக்கென்றால் கூடுதல் விலை கொடுத்து வாங்குவேன். அறக்கட்டளைப் பணத்தில் ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவழித்தாலும் கணக்கில் கேள்வி வரும். குறைந்த விலைப்புள்ளியை ஏற்றால்தான் யார் மேலும் பழி வராது." பொதுப்பணத்தைக் காப்பவர் அப்படித்தான் நினைக்க வேண்டும்; அவர் நிலையில் நானும் அதையே சொல்லியிருப்பேன். தெரிந்தவரிடம் கூடுதல் விலைக்கு வாங்கினோம் என்பது கைச்சார்புக்கும் வழி திறக்கும். அந்த அச்சம் நியாயமானது.

ஆகவே நான் வேண்டுவது இரக்க விலை அன்று, அறிவித்த விலை. அன்னதான அரிசிக்கு வேண்டிய நெல்லை மட்டும் நம் ஊர்களில் உள்ள சிறு உழவரிடம் நேரே வாங்குவோம். விலையை நாம் பேசி முடிவு செய்ய வேண்டாம். அரசு அறிவித்த கொள்முதல் விலையே விலை, அதற்கு ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். ஈரப்பதம் பார்த்து, முத்திரையிட்ட தராசில் நிறுத்து, மூன்று நாளில் வங்கிக் கணக்கில் பணம். அரைவைக் கூலி, லாரி வாடகை, கோணிச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி, அடுத்த ஆண்டு மலரில் வரவு செலவோடு அச்சிடுவோம். ஒரு கிலோ அரிசியில் உழவருக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்பதைப் படிப்பவர் எல்லாரும் பார்க்கட்டும். யாருக்கும் சலுகை காட்டினோம் என்னும் பழி வராது. என் கணக்குப்படி கடை விலையைக் காட்டிலும் செலவு கூடாது. கூடினால் அந்த வேறுபாட்டை ஏற்க இரண்டு மூன்று குடும்பத்தினர் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இடர்ப்பாடுகள் உண்டு. நெல்லை இருப்பு வைக்க இடம் வேண்டும். பூச்சி விழாமல் காக்க வேண்டும், அதுவும் உயிர்க்கொலை இல்லாமல். அதனால் ஓர் ஆண்டுக்கு வாங்கி அடுக்க வேண்டாம். விழாவுக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம். சம்பா அறுவடை தை, மாசியில். நம் விழா பங்குனி, சித்திரையில். இடையில் இரண்டு மாதம்தான். அரைவைக்குத் திண்டிவனத்தில் வழி இருக்கிறது. ஊர்களில் யாரிடம் எவ்வளவு நெல் கிடைக்கும் என்று விசாரித்து எழுத நான் ஒப்புகிறேன்; ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை என்ன? இளைஞர்களில் இருவர் கணக்குக்கு வேண்டும்.

செயற்குழு இதை ஐப்பசிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நாற்று நட்ட பிறகு, கதிர் வருவதற்கு முன், உழவரிடம் விலையைச் சொல்லிவிட்டால் அவர் வேறு எவரிடமும் முன்பணம் வாங்காமல் இருக்கலாம். களத்தில் நெல் குவிந்த பிறகு போய் நின்றால், நாமும் வாங்க வந்தவர்களில் ஒருவராகத்தான் நிற்போம்.